சிறையில் இருப்பவர் எந்த வார்டின் ஆள்?

அமெரிக்காவில் பத்தாண்டுக்கு ஒருமுறை மக்கள்தொகைக் கணக்கெடுப்பு முடிந்ததும் தொகுதி எல்லைகளைத் திருத்தி வரைவார்கள். அப்போதெல்லாம் தவறாமல் ஒரு சண்டை எழும்: சிறையில் இருப்பவர்களை எந்த ஊர்க் கணக்கில் சேர்ப்பது? இதைப் பற்றிய பேச்சில் மூன்று வேறு விஷயங்கள் போட்டுக் குழப்பப்படுகின்றன. கைதிகளுக்கு ஓட்டுரிமை உண்டா என்பது ஒன்று. சிறை இருக்கும் ஊருக்கு அரசுப் பணம் கூடுதலாகக் கிடைக்கிறதா என்பது இன்னொன்று. ஆளும் கட்சி தனக்குத் தோதாகத் தொகுதியை வளைத்து வரைகிறதா என்பது மூன்றாவது. மூன்றும் பேச வேண்டியவைதான். ஆனால் சிக்கலின் மையம் வேறிடத்தில் இருக்கிறது. சிறைச் சுவருக்கு வெளியே, அதே ஊரின் வேறொரு வார்டில் குடியிருக்கும் சாதாரண வாக்காளரின் ஓட்டு எப்படி எடை குறைகிறது என்பதே கேள்வி. நாடாளுமன்றத் தொகுதியில் இது கண்ணுக்கே தெரியாது. நகராட்சி வார்டிலும் கவுண்டித் தொகுதியிலும் தலைகீழாகப் புரட்டிப் போடும்.

கவுண்டி என்பது ஒரு மாநிலத்துக்குள் உள்ள நிர்வாகப் பிரிவு. பல கவுண்டிகளை நடத்துவது, தொகுதிக்கு ஒருவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட சிறு குழு. சாலை, வரி, காவல் என்று அன்றாட வாழ்க்கையைத் தொடும் முடிவுகள் அங்கேதான் எடுக்கப்படுகின்றன.

கல்யாண மண்டபமும் தலைக்கணக்கும்

920 பேர் வாழும் ஒரு குடியிருப்பு. அதை நான்கு சம பிரிவாகப் பிரித்து, பிரிவுக்கு ஒருவர் என்று சங்கத்துக்கு நான்கு உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தலையெண்ணும் நாளில் அங்குள்ள கல்யாண மண்டபத்தில் 280 விருந்தினர்கள். எண்ணியவர் அவர்களையும் சேர்த்து 1,200 என்று எழுதிவிட்டார். நான்கால் வகுத்தால் பிரிவுக்கு 300.

மண்டபம் இருக்கும் பிரிவில் 280 விருந்தினர்கள், சுற்றியுள்ள வீடுகளில் 20 பேர். காகிதத்தில் 300 சரியாக இருக்கிறது. மற்ற மூன்று பிரிவுகளிலும் தலா 300 குடியிருப்பாளர்கள். விருந்தினர்களுக்கு ஓட்டு இல்லை. ஆகவே 20 பேர் சேர்ந்து ஓர் உறுப்பினரை அனுப்புகிறார்கள், மற்ற இடங்களில் அதே ஓர் உறுப்பினருக்கு 300 பேர். விருந்தினர்களை விட்டு எண்ணியிருந்தால் பிரிவுக்கு 230 பேர் வந்திருப்பார்கள்.

இந்த உவமை ஓரளவுக்குத்தான் பொருந்தும். விருந்தினர்கள் சாயங்காலம் கிளம்பிவிடுவார்கள், கைதிகள் ஆண்டுக்கணக்கில் இருக்கலாம். ‘ஆண்டுக்கணக்கில் ஓரிடத்தில் இருப்பவரை அங்கே எண்ணாமல் வேறெங்கே எண்ணுவது?’ என்பதுதான் எதிர்த்தரப்பின் முக்கிய வாதமும். அதைப் பிறகு பார்ப்போம்.

எல்லா வார்டும் ஏன் ஒரே அளவில் இருக்க வேண்டும்?

1960களுக்கு முன் அமெரிக்க மாநிலங்களில் தொகுதிகளின் அளவு தாறுமாறாக இருந்தது. 1964இல் ரெய்னால்ட்ஸ் எதிர் சிம்ஸ் வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், மாநிலச் சட்டமன்றத் தொகுதிகள் மக்கள்தொகையில் ஏறத்தாழச் சமமாக இருக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. 1968இல் ஏவரி எதிர் மிட்லண்ட் கவுண்டி வழக்கு இதே விதியை உள்ளாட்சிக்கும் கொண்டுவந்தது. டெக்சஸின் மிட்லண்ட் கவுண்டியில் நான்கு தொகுதிகள். நகரத் தொகுதியில் 67,906 பேர். மற்ற மூன்றில் 852, 414, 828. நான்குக்கும் தலா ஓர் உறுப்பினர்! நகரத்தில் ஒருவரின் ஓட்டு, மிகச் சிறிய தொகுதிக்காரரின் ஓட்டோடு ஒப்பிட்டால் 160இல் ஒரு பங்கு மதிப்புகூடப் பெறவில்லை.

இங்கே ஒரு சொல்லைத் தெரிந்துகொள்ள வேண்டும். மொத்த மக்கள்தொகையைத் தொகுதிகளின் எண்ணிக்கையால் வகுத்தால் வருவது இலக்கு அளவு. ஒரு தொகுதி அந்த இலக்கிலிருந்து எத்தனை சதவீதம் கூடியோ குறைந்தோ இருக்கிறது என்பது அதன் விலகல். மிகப் பெரிய தொகுதியின் கூடுதலையும் மிகச் சிறிய தொகுதியின் குறைவையும் சேர்த்தால் மொத்த விலகல். மாநிலச் சட்டமன்றம், உள்ளாட்சி இரண்டுக்கும் இது 10 சதவீதத்துக்குள் இருந்தால் நீதிமன்றங்கள் பொதுவாகத் தலையிடுவதில்லை. தாண்டினால் அரசு காரணம் சொல்லியாக வேண்டும்.

எந்த மக்கள்தொகை? வாக்காளர்களா, எல்லா மனிதர்களுமா? எல்லா மனிதர்களையும் எண்ணுவதே வழக்கம். குழந்தைகள், குடியுரிமை இல்லாதவர்கள் எல்லாரும் கணக்கில் உண்டு. அப்படி எண்ணுவது மாநிலங்களுக்கு அனுமதிக்கப்பட்டதே என்று 2016இல் எவென்வெல் எதிர் அபட் வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதிப்படுத்தியது.

இதுவரை பார்த்ததன் சாரம்: தொகுதிகள் தலைக்கணக்கில் சமமாக இருக்க வேண்டும், அந்தத் தலைக்கணக்கு மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலிருந்து வருகிறது. கணக்கெடுப்பு ஒருவரை எந்த இடத்தில் எழுதுகிறதோ, அந்த இடத்துக்கு அவரது எடை போய்ச் சேரும்.

கணக்கெடுப்பு கைதியை எங்கே எழுதுகிறது?

1790இல் நடந்த முதல் கணக்கெடுப்பிலிருந்து இன்றுவரை தொடரும் கோட்பாடு ‘வழக்கமான வசிப்பிடம்’. ஒருவர் பெரும்பாலான நாட்கள் எங்கே வாழ்ந்து உறங்குகிறாரோ, அதுவே அவர் இடம். கணக்கு நாள் ஏப்ரல் 1. வீடு வீடாக எண்ணுவதோடு, பலர் ஒன்றாகத் தங்கும் இடங்களுக்குத் தனிப் பிரிவும் உண்டு. சிறை, முதியோர் பராமரிப்பு இல்லம், கல்லூரி விடுதி, படைமுகாம் எல்லாம் இதில் அடங்கும். இவற்றைக் கூட்டுத் தங்கிடம் என்று சொல்வோம். சிறையைப் பொறுத்தவரை, பெரும்பாலும் நிர்வாகம் தன் பதிவேட்டிலிருந்து தரும் விவரமே கணக்கில் ஏறும். ஏப்ரல் 1 அன்று உள்ளே இருப்பவர் அந்தச் சிறையின் முகவரியில் பதிவாவார். நீண்ட தண்டனைக்கான மாநிலச் சிறையானாலும், விசாரணைக்காகச் சில வாரம் வைக்கும் உள்ளூர்ச் சிறையானாலும் விதி ஒன்றுதான்.

2020இல் இப்படிச் சிறை முகவரியில் எழுதப்பட்டவர்கள் ஏறத்தாழ 20 லட்சம் பேர்.

விதி எல்லாரையும் ஒரே மாதிரி நடத்துகிறதா என்றால், இல்லை. பள்ளி விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளைகளைப் பெற்றோர் வீட்டில் எழுதுகிறார்கள். வெளிநாட்டுப் பணிக்குத் தற்காலிகமாக அனுப்பப்பட்ட படைவீரரை 2020இல் அமெரிக்காவில் உள்ள அவரது சொந்த முகவரியில் எழுதினார்கள். விதிவிலக்கு செய்ய மனம் இருந்தால் வழியும் இருக்கிறது என்பது இதிலிருந்து தெரிகிறது. 2020க்கான விதிகள் குறித்துக் கருத்துக் கேட்டபோது, கைதிகள் பற்றி மட்டும் 77,000க்கும் மேற்பட்ட கருத்துகள் வந்தன. கிட்டத்தட்ட எல்லாமே ‘சொந்த முகவரியில் எண்ணுங்கள்’ என்றே கேட்டன. 2018இல் வெளியான இறுதி விதி பழையபடியே இருந்தது.

பழைய விதி முட்டாள்தனமாக உருவானதல்ல. கணக்கெடுப்பின் முதல் நோக்கம், நாடாளுமன்ற இடங்களை மாநிலங்களுக்குப் பங்கிடுவது. அதற்கு ஒரு கைதி மாநிலத்தின் வடக்கில் எழுதப்பட்டாரா தெற்கிலா என்பது பொருட்டே இல்லை, மாநில மொத்தம் மாறாது. தொகுதி சமத்துவம் 1960களில்தான் சட்டமானது. 1970களின் தொடக்கத்தில்கூட மாநில, மத்தியச் சிறைகளில் மொத்தம் சுமார் 2 லட்சம் பேர்தான் இருந்தார்கள். 2010 வாக்கில் அது 16 லட்சத்தைத் தொட்டது. அந்த நாற்பதாண்டில் கட்டிய சிறைகள் பல, நிலம் மலிவாகக் கிடைத்த சிற்றூர்களில் எழும்பின. உள்ளே போனவர்களில் பெரும்பங்கினர் பெருநகரத்தவர்கள். விதி அசையாமல் நின்றது, அதைச் சுற்றி எல்லாமே மாறிவிட்டன.

இதில் ஒரு முரண்பாடும் உண்டு. பல மாநிலச் சட்டங்களின்படி சிறைக்குப் போவதால் ஒருவரின் வசிப்பிடம் மாறுவதில்லை. நியூயார்க் மாநில அரசியல் சட்டத்தின் இரண்டாம் பிரிவே, வாக்களிப்பதைப் பொறுத்தவரை, சிறையில் இருப்பதால் யாரும் வசிப்பிடத்தைப் பெறுவதோ இழப்பதோ இல்லை என்கிறது. மாநிலங்களில் மெய்ன், வெர்மான்ட் இரண்டில் மட்டும், அதோடு தலைநகர் வாஷிங்டனிலும், கடுங்குற்றத்துக்காகத் தண்டனை பெற்றுச் சிறையில் இருப்பவர்கள் வாக்களிக்கலாம். மெய்னிலும் வெர்மான்டிலும் அவர்கள் சிறைக்கு வருமுன் வாழ்ந்த ஊரின் தொகுதிக்குத்தான் தபாலில் வாக்கு அனுப்புகிறார்கள். ஆக, ஓட்டுக்கு ஒரு முகவரி, தலைக்கணக்குக்கு வேறு முகவரி.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

10,000 பேர் கொண்ட ஒரு நகரம், ஐந்து வார்டுகள். வார்டுக்கு 2,000. நகர எல்லைக்குள் 1,500 பேர் கொண்ட ஒரு சிறை. சிறை விழும் வார்டில் உண்மையான குடிமக்கள் 500. மற்ற நான்கிலும் தலா 2,000.

சிறையை நீக்கினால் மொத்தம் 8,500, இலக்கு அளவு 1,700. மற்ற வார்டுகள் 300 பேர் கூடுதல், அதாவது 17.6 சதவீதம் அதிகம். சிறை வார்டு 1,200 பேர் குறைவு, அதாவது 70.6 சதவீதம் குறைவு. மொத்த விலகல் 88.2 சதவீதம். நீதிமன்றங்கள் புருவம் உயர்த்தத் தொடங்குவது 10இல். ஆனால் அதிகாரபூர்வத் தாளில் இந்த நகரத்தின் விலகல் சுழியம்!

இப்போது அதே 1,500 பேரை நாடாளுமன்றத் தொகுதி ஒன்றில் வைத்துப் பாருங்கள். 2020க்குப் பின் ஒரு தொகுதியின் சராசரி 7.6 லட்சம். சிறையின் பங்கு 0.2 சதவீதம். செய்தித்தாள்கள் பெரும்பாலும் நாடாளுமன்றத்தைப் பற்றியே பேசுவதால் ‘இதெல்லாம் ஒரு பிரச்சினையா?’ என்ற எண்ணம் வருகிறது. தொகுதி சிறுக்கச் சிறுக்கத்தான் பாதிப்பு வளர்கிறது. இடையில் நிற்பது மாநிலச் சட்டமன்றம். 2000 கணக்கெடுப்புக்குப் பின் நியூயார்க்கில் வரையப்பட்ட மாநில மேலவைத் தொகுதிகளில் ஏழு, கைதிகளை நீக்கினால் குறைந்தபட்ச அளவைக்கூட எட்டியிருக்காது என்று கணக்கிட்டார்கள்.

நடந்தவை

அயோவா மாநிலத்தின் அனமோசா சிறிய நகரம். நான்கு வார்டுகள், வார்டுக்குச் சுமார் 1,370 பேர். அங்கே மாநிலத்தின் பெரிய சிறை ஒன்று இருக்கிறது. இரண்டாம் வார்டில் 1,300க்கும் மேற்பட்டவர்கள் கைதிகள், சுவருக்கு வெளியே வாழ்ந்தவர்கள் 60 பேருக்கும் குறைவு. 2005 தேர்தலில் அந்த வார்டுக்கு ஒருவர்கூட வேட்புமனு போடவில்லை. அமெரிக்காவில் வாக்குச்சீட்டில் இல்லாத ஒருவர் பெயரைக் கையால் எழுதியும் வாக்களிக்கலாம். அப்படி எழுதப்பட்ட இரண்டே வாக்குகளில் ஒருவர் நகர மன்ற உறுப்பினரானார். ஒரு வாக்கு அவர் மனைவியுடையது, இன்னொன்று பக்கத்து வீட்டுக்காரருடையது. மற்ற வார்டுக்காரர்கள் கொதித்தார்கள். பிறகு வார்டு முறையையே கைவிட்டு, ஊர் முழுவதும் சேர்ந்து எல்லா உறுப்பினர்களையும் தேர்ந்தெடுக்கும் முறைக்கு மாறினார்கள்.

இது வேண்டுமென்றே யாரும் செய்ததல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். இந்தச் சிக்கலை ஆங்கில உலகில் ‘சிறை ஜெரிமாண்டரிங்’ என்று அழைக்கிறார்கள். ஜெரிமாண்டரிங் என்றால் கட்சி ஆதாயத்துக்காகத் தொகுதியை வளைத்து வரைவது. அனமோசாவில் யாரும் எதையும் வளைக்கவில்லை. கணக்கெடுப்புத் துறை கொடுத்த எண்ணை நான்கால் வகுத்தார்கள், அவ்வளவுதான். பெயர் பரபரப்பாக இருப்பதால் எல்லாரும் சதிகாரரைத் தேடுகிறார்கள். பல ஊர்களில் தேடினாலும் கிடைக்க மாட்டார்.

டென்னசியின் லேக் கவுண்டியில் ஒரு தொகுதியின் மக்கள்தொகையில் 88 சதவீதம் கைதிகள் என்ற நிலை இருந்தது. ஃபுளோரிடாவின் ஜெஃபர்சன் கவுண்டி கதை நீதிமன்றம் வரை போனது. மொத்தம் 14,761 பேர், ஐந்து தொகுதிகள். 1,157 பேர் கொண்ட சிறை முழுவதும் மூன்றாம் தொகுதியில் விழுந்தது. அந்தத் தொகுதியின் வாக்களிக்கும் வயதினரில் 43 சதவீதம் கைதிகள். 2016இல் மத்திய மாவட்ட நீதிமன்றம் இந்த வரைபடம் சம உரிமைக்கு எதிரானது என்று தள்ளுபடி செய்தது.

மேரிலாந்தின் சாமர்செட் கவுண்டியில் நடந்ததுதான் என் பார்வையில் மிகக் கசப்பானது. அங்கே கறுப்பினத்தவர் கணிசமாக வாழ்ந்தும், கவுண்டி ஆட்சிக் குழுவுக்கு ஒருவரும் தேர்ந்தெடுக்கப்பட்டதில்லை. 1980களில் வாக்குரிமை வழக்கு ஒன்றின் தீர்வாக, கறுப்பின வாக்காளர்கள் தங்களுக்கு விருப்பமானவரைத் தேர்ந்தெடுக்கும் வகையில் ஒரு தொகுதியை வரைந்தார்கள். பிறகு அதே தொகுதியில் பெரிய சிறை வந்து, அடுத்த கணக்கெடுப்பில் அந்தத் தொகுதியின் மக்கள்தொகையை அதுவே நிரப்பியது. 2000 கணக்கின்படி தொகுதியில் 64 சதவீதம் கைதிகள். தாளில் கறுப்பினப் பெரும்பான்மைத் தொகுதி. அந்தப் பெரும்பான்மையில் பெரும்பகுதி ஓட்டுப்போட முடியாத, வெளியூர்க் கைதிகள். முதல் கறுப்பின உறுப்பினர் தேர்வானது 2010இல்தான். எண்ணிக்கை சமமாக இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும் அதிகாரி இப்படிப்பட்டதைக் கவனிக்கவே வாய்ப்பில்லை.

‘குழந்தைகளுக்கும் ஓட்டு இல்லையே?’

இந்த எதிர்வாதம் வலுவானது, தட்டிக்கழிக்கக் கூடாது. ஓட்டு இல்லாத குழந்தைகளை எண்ணுகிறோம், குடியுரிமை இல்லாதவர்களை எண்ணுகிறோம், கைதியை மட்டும் ஏன் நீக்க வேண்டும்?

ஓட்டு இல்லை என்பது நீக்கக் காரணமல்ல என்பதே பதில். குழந்தை அந்த வார்டின் பள்ளிக்குப் போகிறது, அதன் தெருவில் நடக்கிறது, அதன் பெற்றோர் அங்கே ஓட்டுப் போடுகிறார்கள். வார்டு உறுப்பினரின் முடிவுகள் அதைத் தொடுகின்றன. மாநிலச் சிறையில் இருப்பவருக்கு நகராட்சியின் சாலையும் பூங்காவும் குப்பை வண்டியும் இல்லை. அவர் வாழ்க்கையை நடத்துவது மாநிலச் சிறைத் துறை. இந்த ஊருக்கு அவர் விரும்பி வந்தவருமல்ல. துறை நினைத்தால் நாளையே வேறு ஊர்ச் சிறைக்கு மாற்றிவிடும். விடுதலையானால் போகப்போவது பழைய ஊருக்கு. கல்லூரி மாணவர் ஊரோடு கலந்து வாழ்கிறார், விரும்பினால் அங்கேயே வாக்காளராகப் பதிந்துகொள்ளலாம். அவரைக் கைதியோடு ஒப்பிடுவது பொருந்தாது.

நீதிமன்றங்கள் இதில் ஒரே குரலில் பேசவில்லை. ரோட் ஐலண்டின் கிரான்ஸ்டன் நகரில் ஆறு வார்டுகள், ஒரு வார்டுக்குச் சுமார் 13,400 பேர். ஆறாம் வார்டில் 3,433 கைதிகள், அதாவது கால்வாசி. 2016 மே மாதத்தில் மாவட்ட நீதிமன்றம் இது செல்லாது என்றது. அதே ஆண்டு செப்டம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. கணக்கெடுப்பு எண்ணை அப்படியே பயன்படுத்துவதற்கு நகரத்துக்கு உரிமை உண்டு என்பது அதன் முடிவு. மறுபக்கம், கைதிகளைச் சொந்த ஊருக்கு மாற்றி எண்ணும் மேரிலாந்துச் சட்டத்தை எதிர்த்த வழக்கில், சட்டம் செல்லும் என்ற கீழ் நீதிமன்றத் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் 2012இல் உறுதிசெய்தது.

இரண்டையும் சேர்த்துப் படித்தால்: கைதிக் கணக்கைத் திருத்துவது அனுமதிக்கப்பட்டது. திருத்தியே ஆக வேண்டும் என்று நாடு முழுதுக்குமான கட்டாயம் இல்லை. முடிவு சட்டமன்றங்களிடமும் உள்ளாட்சிகளிடமும் இருக்கிறது.

எளிய வழி: கழிப்பது

200க்கும் மேற்பட்ட கவுண்டிகளும் நகரங்களும் எந்த ஆரவாரமும் இல்லாமல் வெகுகாலமாகச் செய்துவருவது இது. வார்டு வரையும் முன் சிறை மக்கள்தொகையை மொத்தத்திலிருந்து நீக்கிவிடுவது. மிசிசிப்பியில் 2002இல் மாநிலத் தலைமை வழக்கறிஞரே, கைதிகள் தற்காலிகமாக அங்கே இருப்பவர்கள் என்பதால் கவுண்டித் தொகுதிக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று கருத்துரைத்தார். இந்த விஷயத்தில் கட்சிச் சாயம் நினைப்பதைவிட வெளிறியது. பழமைவாதச் சிற்றூர்களும் இதைச் செய்கின்றன, ஏனெனில் பாதிக்கப்படுவது பக்கத்து வார்டில் இருக்கும் அவர்கள் ஊர்க்காரர்களே.

செய்முறை கடினமில்லை. கணக்கெடுப்பின் மிகச் சிறிய நில அலகு பிளாக். நகரத்தில் அது ஒரு தெருச் சதுரம், கிராமத்தில் சாலையும் ஓடையும் சூழ்ந்த ஒரு பெரிய பரப்பாகவும் இருக்கலாம். முதலில் சிறை எந்த பிளாக்கில் விழுகிறது என்று வரைபடத்தில் பார்க்க வேண்டும். தொகுதி வரையறைக்கென மாநிலங்களுக்குத் தரப்படும் கோப்பில், 2020 முதல் பி5 என்ற அட்டவணை இருக்கிறது. கூட்டுத் தங்கிடங்களில் இருப்போரை அது வகை பிரித்துக் காட்டும். அதில் பெரியவர்களுக்கான சிறை என்ற கட்டத்தில் உள்ள எண்ணை, அந்த பிளாக்கின் மொத்தத்திலிருந்து கழிக்க வேண்டும். மீதியை வைத்து நகர மொத்தத்தையும் இலக்கு அளவையும் புதிதாகக் கணக்கிட்டு, அதன் பிறகே எல்லைக்கோட்டைத் தொட வேண்டும்.

தவறுகள் நேர்வது இந்த இடங்களில்:

- சிறை தவறான பிளாக்கில் எழுதப்பட்டிருக்கலாம். காலி வயலில் 900 பேர் வாழ்வதாகவும், சிறை இருக்கும் பிளாக்கில் யாருமில்லை எனவும் அட்டவணை சொல்லும். ஏப்ரல் 1 அன்று உள்ளே எத்தனை பேர் இருந்தார்கள் என்று சிறை நிர்வாகத்திடம் கேட்டு ஒப்பிட்டால் பிடிபட்டுவிடும்.
- இரண்டு எண்களும் துல்லியமாகப் பொருந்தாது. தனிநபர் விவரம் வெளியே தெரியாதிருக்க, 2020 கணக்கில் பிளாக் அளவிலான எண்களைத் துறை வேண்டுமென்றே சற்றுக் கூட்டிக் குறைத்து வெளியிட்டது. சிறிய வித்தியாசத்தைக் கண்டு பதற வேண்டாம். கழிக்கும்போது பி5 எண்ணையே பயன்படுத்துங்கள். சிறை தந்த எண்ணைக் கழித்தால் பிளாக்கில் சுழியத்துக்குக் கீழ் போகவும் கூடும்.
- மொத்தத்தை மட்டும் கழித்துவிட்டு இனவாரிக் கணக்கை அப்படியே விட்டுவிடுவார்கள். சாமர்செட்டில் நடந்தது மறுபடி நடக்க இது ஒன்றே போதும். பி5 அட்டவணையில் இன விவரம் இல்லை. பிளாக்கில் சிறையைத் தவிர வேறெதுவும் இல்லையென்றால் முழு பிளாக்கையும் நீக்கிவிடலாம். வீடுகளும் கலந்திருந்தால் சிறைப் பதிவேட்டின் உதவி தேவைப்படும்.
- வார்டு வரைபவர் திருத்திய எண்ணைப் பயன்படுத்த, பள்ளிக் குழுவுக்கு எல்லை வரைபவர் பழைய எண்ணைப் பயன்படுத்துவது. ஜெஃபர்சன் கவுண்டியில் அதே தொகுதிகள்தான் பள்ளிக் குழுவுக்கும் இருந்தன என்பதை நினைவில் கொள்ளவும்.

கழித்த கைதிகளை எங்கே சேர்ப்பது என்ற கேள்வி சிறிய ஊரில் எழாது. அவர்கள் பெரும்பாலும் மாநிலத்தின் வேறு பகுதிகளைச் சேர்ந்தவர்கள். அந்தக் கவுண்டியையே சேர்ந்தவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவில்தான் இருப்பார்கள்.

முழுமையான வழி: சொந்த முகவரிக்கு மாற்றுவது

மாநிலச் சட்டமன்றத் தொகுதிகளை வரையும்போது கழித்தால் மட்டும் போதாது. இங்கே கழித்தவரை அவர் ஊரில் சேர்க்க வேண்டும். மேரிலாந்தும் நியூயார்க்கும் 2010இல் இதற்குச் சட்டம் இயற்றி, அந்தச் சுற்றிலேயே செயல்படுத்தின. டெலவேர், கலிஃபோர்னியா, வாஷிங்டன், நெவாடா, நியூ ஜெர்சி, கொலராடோ, வர்ஜீனியா, கனெக்டிகட் ஆகியவை 2020 சுற்றில் சேர்ந்தன. இல்லினாய், மொன்டானா, மெய்ன், மினசோட்டா இனிவரும் சுற்றுக்குச் சட்டம் செய்திருக்கின்றன.

வேலை இப்படி நடக்கும். ஏப்ரல் 1 அன்று காவலில் இருந்தவர்களின் பட்டியலைச் சிறைத் துறை தருகிறது. பெயருக்குப் பதில் ஓர் அடையாள எண், சிறைக்கு வருமுன் கடைசியாக வாழ்ந்த முகவரி, இனம், 18 வயது நிரம்பியவரா என்ற விவரம், இருக்கும் சிறை. ஒவ்வொரு முகவரியையும் வரைபடத்தில் பொருத்தி, பிளாக் எண் கண்டுபிடிக்கிறார்கள். பிறகு சிறை பிளாக்கில் ஒன்று குறையும், வீட்டு பிளாக்கில் ஒன்று கூடும். மாநில மொத்தத்தில் உள்ளவர்கள் மாநிலத்துக்குள்ளேயே இடம் மாறுகிறார்கள்.

முகவரிகளின் தரம்தான் தலைவலி. தபால் பெட்டி எண் மட்டும் இருக்கும். ‘வீடற்றவர்’ என்று ஒற்றைச் சொல் இருக்கும். தெருப் பெயர் பிழையாக இருக்கும், ஊர் மட்டும் இருக்கும், சில நேரம் கைதானபோது இருந்த காவல் நிலைய முகவரியே ஏறியிருக்கும். ஒவ்வொன்றுக்கும் முன்கூட்டியே விதி எழுதி வைக்காவிட்டால், வரைபடம் வந்தபின் ‘எனக்கு எதிராக முடிவு செய்தீர்கள்’ என்ற வழக்கு நிச்சயம். வெளிமாநிலத்தவரையும் முகவரி தெரியாதவரையும் நியூயார்க் எந்தத் தொகுதியிலும் சேர்ப்பதில்லை. சில மாநிலங்கள் முகவரி கிடைக்காதவரைச் சிறையிலேயே விட்டுவிடுகின்றன.

இனம் இன்னொரு முடிச்சு. கணக்கெடுப்பில் ஹிஸ்பானிய வம்சாவளியா (ஸ்பானிய மொழி பேசும் நாடுகளின் வழிவந்தவரா) என்பது ஒரு கேள்வி, இனம் என்ன என்பது தனிக் கேள்வி. பல சிறைப் பதிவேடுகளில் இரண்டும் ஒரே கட்டத்தில் இருக்கும். இந்தப் பட்டியலை அந்தக் கணக்கிலிருந்து கழித்தால் ஒரு பிரிவில் எண் சுழியத்துக்குக் கீழே போகும். அதைச் சுழியமாக்கி மீதியைச் சரிக்கட்டும் விதியும் முன்பே தேவை. மத்திய அரசின் சிறைகள் முகவரி தர மறுத்தால் அந்தக் கைதிகளை என்ன செய்வது என்பதும் அப்படியே. மேரிலாந்து 2010 சுற்றிலேயே இந்தச் சுவரில் முட்டிக்கொண்டது.

சில இடங்களில் பாதி வழியில் நிறுத்திக்கொண்டார்கள். பென்சில்வேனியாவில் தொகுதி வரையும் ஆணையம், ஆயுள் தண்டனை அல்லது நீண்ட காலம் மீதமுள்ளவர்களை மாற்றவில்லை. ரோட் ஐலண்டு குறுகிய காலம் மீதமுள்ளவர்களை மட்டும் மாற்றியது. நீண்ட நாள் இருப்பவர் சிறை ஊரின் ஆள்தான் என்ற பழைய வாதத்தோடு செய்துகொண்ட சமரசம் இது. சமரசமாக இருக்கலாம், தர்க்கமாக இல்லை: முப்பது ஆண்டு இருந்தாலும் அந்த வார்டின் கவுன்சிலர் அவருக்காக எதையும் செய்யப்போவதில்லை.

பணம் பற்றி ஒரு வார்த்தை

‘கைதிகளை மாற்றி எண்ணினால் சிற்றூர்களுக்கு நிதி போய்விடும்’ என்ற பயம் பெரும்பாலும் ஆதாரமற்றது. திருத்திய கோப்பு தொகுதி வரைய மட்டுமே. மத்திய நிதி ஒதுக்கீட்டுக்குக் கணக்கெடுப்புத் துறையின் மூல எண்ணே போகிறது, அதில் ஒரு தலையும் மாறுவதில்லை. பல மாநிலச் சட்டங்கள் திருத்திய எண்ணை நிதிப் பங்கீட்டுக்குப் பயன்படுத்தக் கூடாது என்று வெளிப்படையாகவே எழுதியிருக்கின்றன.

2030க்கு முன்

அடுத்த கணக்கு நாள் 2030 ஏப்ரல் 1. கணக்கெடுப்பு எண்கள் பொதுவாக ஓராண்டுக்குள் மாநிலங்களின் கைக்கு வரும். சென்ற முறை கொரோனாவால் தாமதமாகி 2021 ஆகஸ்ட் 12 அன்றுதான் வந்தன. கலிஃபோர்னியா செப்டம்பர் 20க்குள் திருத்திய கோப்பை வெளியிட்டது. முகவரிகளை முன்பே சேகரித்துப் பொருத்தி வைத்திருந்ததால்தான் அந்த வேகம் சாத்தியமானது. சட்டம் 2029இல் நிறைவேறினால், அதற்கு ஐந்தாண்டு முன் சிறைக்குள் வந்தவரின் முகவரியை யாரிடம் கேட்பது? சேர்க்கையின்போது நிரப்பும் படிவத்தில் தெரு எண், ஊர், அஞ்சல் குறியீடு மூன்றுக்கும் தனித்தனிக் கட்டம் இருக்கிறதா, இனத்துக்கும் வம்சாவளிக்கும் தனித்தனிக் கேள்வி இருக்கிறதா என்று இப்போதே பார்க்க வேண்டும். கழிக்கும் முறையை நாடும் சிற்றூர்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. எண்கள் வெளியாகும் முன் மன்றத்தில் ஒரு தீர்மானம் போட்டு வைத்தால் போதும். எண்கள் வந்தபின் போட்டால், எந்த வார்டுக்கு லாபம் என்பது எல்லாருக்கும் தெரிந்துவிட்டிருக்கும்.